பட்டா எப்படி மாறியது என்று கேட்க யாருக்கு உரிமை?

நீங்கள் கேட்டிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தாத்தா 1962-ல் பதிவு செய்த கிரயப் பத்திரம் மூலம் வாங்கிய புஞ்சை நிலம். ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. இணையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தால் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயர் வருகிறது. எப்போது, எதை வைத்துப் பெயர் மாற்றினார்கள் என்று தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு போட்டீர்கள். பாதிக் கேள்விக்கு ‘மூன்றாம் நபர் தொடர்பான தகவல், பிரிவு 8(1)(ஜே)-படி வழங்க இயலாது’ என்றும், மீதிக்கு ‘பழைய பதிவேடுகள் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்றும் பதில் வந்திருக்கிறது. நில ஆவணம் பொது ஆவணம்தானே, இதை மறைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: இந்தக் காகிதங்கள் கிடைத்தால் நிலம் திரும்ப வருமா? இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, ஆவணங்களைப் பார்க்காமல் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். தாலுகாவில் பொதுத் தகவல் அலுவலராகவும் இருந்திருக்கிறேன். அதாவது உங்களுக்கு வந்தது போன்ற பதில்கள் தயாராகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. அதனால் நீதிமன்றத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதை நான் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு சிவில் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பத்திரம். பதிவு அலுவலகத்தில் இருக்கும் அசையாச் சொத்து ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்குரியவை என்பதற்கு ஆர்டிஐ சட்டமே தேவையில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்துகிற எவரும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்கிறது. கிரயம், தானம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அந்த முதல் புத்தகத்தில்தான் பதிவாகின்றன. நீங்கள் அந்த நிலத்தின் உரிமையாளரா, வாங்கப் போகிறவரா, ஊர்க்காரரா என்று சார்பதிவாளர் கேட்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இவ்வளவு தாராளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிலத்தை வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் முந்தைய பரிவர்த்தனை எல்லாம் வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும். உயில் அப்படி இல்லை. அது மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் நகல் வாங்க முடியும், இறந்த பிறகு யாரும் வாங்கலாம். நான்காம் புத்தகத்தில் போகும், அசையாச் சொத்து சாராத இதர ஆவணங்களின் நகல் சம்பந்தப்பட்ட தரப்பினருக்கு மட்டும்தான்.

ஆகவே 1962 கிரயப் பத்திரத்தின் நகலுக்கு ஆர்டிஐ போடாதீர்கள். தனிச் சட்டத்தில் நகல் வாங்க வழியும் கட்டணமும் இருக்கும்போது அந்த வழியில்தான் போக வேண்டும் என்று தகவல் அலுவலர்கள் திருப்பி அனுப்புவார்கள், நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. நேராகச் சார்பதிவகத்தில் மனு கொடுங்கள். வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்) இணையத்தில் பொதுவாக 1975-லிருந்துதான் பார்க்கக் கிடைக்கும்; அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் கையால் தேடித்தான் தருவார்கள். 1962-ல் உங்கள் ஊர் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள். இப்போது பத்திரம் பதிகிற அலுவலகம் அப்போது இல்லாமலே இருந்திருக்கலாம்.

அடுத்து வருவாய்த் துறைப் பதிவேடுகள். ‘அ’ பதிவேடு (கிராம நிலங்களின் புல எண்வாரிப் பதிவேடு), சிட்டா (பட்டாதாரர்வாரிக் கணக்கு), அடங்கல் (பயிர், சாகுபடிக் கணக்கு), புலப்படம் (புலத்தின் அளவை வரைபடம்), இவை அரசு அலுவலர் தன் கடமையின் பேரில் பராமரிக்கும் பொது ஆவணங்கள். பழைய சாட்சியச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் சரி, பார்வையிட உரிமை உள்ள பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டால் தர வேண்டும். இதையெல்லாம் விடுங்கள், அரசே பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் இணையத்தில் போட்டிருக்கிறது. கிராமமும் புல எண்ணும் தெரிந்தால் போதும். உலகத்துக்கே காட்டுகிற பெயரை உங்களுக்கு மட்டும் ‘மூன்றாம் நபர்’ என்று மறைப்பதில் நியாயம் இல்லை.

ஆனால் உங்கள் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் தெரிவது இன்றைய நிலை. இன்று பட்டாதாரர் யார், பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு. இவருக்கு முன்னால் யார் பெயர் இருந்தது, எந்த உத்தரவின் பேரில் அது நீக்கப்பட்டது, அந்த உத்தரவுக்கு ஆதாரமாக எந்தப் பத்திரத்தைக் காட்டினார்கள், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) என்ன அறிக்கை கொடுத்தார், இது எதையும் அந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்க முடியாது. நிலத் தகராறில் முக்கால்வாசி இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். மாற்றத்தின் விளைவைத் திறந்து வைத்துவிட்டு மாற்றத்தின் காரணத்தை அலமாரியில் வைத்திருக்கிறோம். மற்ற மாநிலங்களில் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கர்நாடகத்தின் ‘பூமி’ தளத்தில் நில உரிமைப் பதிவோடு மாற்றப் பதிவேட்டையும் பார்க்க முடியும். மகாராஷ்டிரத்தில் ‘ஆப்லி சாவடி’ என்ற தளத்தில், பெயர் மாற்றத்தை உறுதி செய்வதற்கு முன்பே அதற்கான அறிவிப்பைக் கிராமவாரியாகப் போடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கூடத் தன் சர்வே எண்ணுக்கு யாராவது மனு போட்டிருக்கிறார்களா என்று பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். இங்கேயும் இது வர வேண்டும் என்று பணியில் இருந்தபோதே சொல்லிவந்தேன், இப்போதும் சொல்கிறேன். உங்களைப் போல ஊரை விட்டு வந்த குடும்பங்களின் நிலம்தான் இந்த இருட்டில் அதிகம் கைமாறுகிறது.

சரி, மறுப்புக்கு வருவோம். ‘மூன்றாம் நபர்’ என்பது தனியாக ஒரு விலக்கு அல்ல. ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 11 சொல்வது ஒரு நடைமுறை. ஒருவர் கொடுத்த, அவர் ரகசியமாகக் கருதிய தகவலை வெளியிட நினைத்தால் 5 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் 10 நாளுக்குள் தன் கருத்தைச் சொல்லலாம். மனு வந்த 40 நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றாலே மறுத்துவிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. உங்கள் விஷயத்தில் அந்த நபருக்கு நோட்டீஸ் அனுப்பினார்களா என்பதே பதிலில் இல்லை. மேல்முறையீட்டில் இதை முதல் வரியாக எழுதலாம்.

பிரிவு 8(1)(ஜே) கொஞ்சம் சிக்கலானது. முன்பு அதில் நிபந்தனைகள் இருந்தன: தனிப்பட்ட தகவலுக்குப் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பு இருக்கக் கூடாது, அல்லது வெளியிட்டால் அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடு ஆக வேண்டும், அப்போதுதான் மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் மீறித் தரலாம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவை மாற்றியது, அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் போதும், மறுக்கலாம் என்கிற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம். பதில் எழுத நேரமில்லாத அலுவலருக்கும், எழுத விருப்பமில்லாத அலுவலருக்கும் இது ஒரே வரியில் முடிக்கிற வசதியைக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது: மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிதென்றால் எந்த விலக்கையும் தாண்டித் தகவல் தரலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டமே, வேறு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவில் வைக்கப்பட்ட தரவுக்குத் தான் பொருந்தாது என்கிறது. பட்டா விவரத்தையும் பட்டா மாற்ற உத்தரவையும் இந்த வகையில் வாதாடலாம் என்பது என் கருத்து. ஆனால் இது கருத்துதான். மாற்றம் புதிது; தகவல் ஆணையங்களும் உயர் நீதிமன்றமும் நில ஆவணங்களில் இதை எப்படிப் பொருத்தப் போகின்றன என்பது போகப்போகத்தான் தெரியும். உத்தரவு நகலில் எதிர்த்தரப்பின் ஆதார் எண், கைப்பேசி எண், வங்கி விவரம் இருந்தால் அவற்றை மறைத்துத் தருவது சரிதான், பிரிவு 10 அதற்கு இடம் தருகிறது. நீங்களே மனுவில் ‘அவற்றை நீக்கிவிட்டு வழங்கவும்’ என்று எழுதிவிட்டால் ஒரு சாக்குப் போக்கு குறையும்.

உங்களுக்கு இதையெல்லாம்விட வலுவான ஒரு வழி இருக்கலாம். பலர் கவனிக்காத பிரிவு அது: 8(3). மனு கொடுக்கும் தேதிக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, மூன்று உட்பிரிவுகள் தவிர வேறு எந்த விலக்கையும் காட்டி மறுக்க முடியாது. அந்த மூன்றும் நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவை ஆவணங்கள் பற்றியவை. ‘ஜே’ அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் நிலத்தில் பெயர் மாறியது 1980-களில் என்றால், இருபது வருடம் என்றோ தாண்டிவிட்டது. தனிப்பட்ட தகவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025-ல் வந்த மாற்றம் இந்தப் பிரிவைத் தொடவும் இல்லை.

1980-கள் என்று நான் யூகிப்பதற்குக் காரணம் யுடிஆர். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாடு முழுக்க நில உடமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, அதைத்தான் யுடிஆர் என்கிறோம். அதுவரை பல ஊர்களில் செத்துப்போன பாட்டன் பூட்டன் பெயரிலேயே பட்டா இருந்தது. அதைச் சரிசெய்யப் புலம் புலமாகப் போய், அனுபவத்தில் இருப்பவரை விசாரித்துப் பெயர் எழுதினார்கள். புதிய புல எண்ணும் உட்பிரிவும் அப்போது வந்தவைதான் பல கிராமங்களில். நல்ல நோக்கத்தில் செய்த பெரிய வேலை அது. ஆனால் அன்று ஊரில் இல்லாதவர், பெண் வாரிசுகள், குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போனவர், இவர்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறது. உழுதுகொண்டிருந்தவர் பெயரோ பக்கத்துப் புலக்காரர் பெயரோ ஏறியிருக்கிறது. அதே காலகட்டத்தில், 1980 நவம்பரில், பரம்பரையாகக் கணக்கு எழுதிவந்த கர்ணம் முறையும் ஒழிக்கப்பட்டது. அது சரியான சீர்திருத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் பழைய கணக்குப் புத்தகங்கள் கைமாறும்போது எல்லா ஊரிலும் எல்லாமே முழுசாக வந்து சேரவில்லை. இன்றும் தாலுகாக்களுக்கு வருகிற பட்டா புகார்களில் யுடிஆர் காலத்துப் பிழை ஒரு பெரும் பங்கு. உங்களுடையதும் அதுதானா என்பது எனக்குத் தெரியாது, யுடிஆர் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பதிவேட்டில் புதிய புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண் இருக்கும். அதிலேயே அந்த வேற்றுப் பெயர் இருந்தால் பிழை யுடிஆரில். அதில் தாத்தா பெயரோ அப்பா பெயரோ இருந்து, பின்னால் மாறியிருந்தால், கண்டிப்பாக ஒரு பட்டா மாற்ற உத்தரவு இருந்தாக வேண்டும். நீங்கள் தேட வேண்டியது அதை.

‘இவ்வலுவலகத்தில் இல்லை’ என்ற பதில் பாதி உண்மையாக இருக்கக்கூடும். 1962-ல் உங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். 1993-ல் விழுப்புரம் பிரிந்தது, 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. இடையில் தாலுகாக்களும் பிரிந்திருக்கின்றன. மாவட்டம் பிரியும்போது மேஜை நாற்காலி வரும், நடப்புக் கோப்பு வரும். பழைய பதிவறைக் கட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்து வருவதில்லை. ஆகவே உங்கள் ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேடு தாய்த் தாலுகாவிலோ, விழுப்புரம் அல்லது கடலூர் ஆட்சியரகப் பதிவறையிலோ இருக்கலாம். பழைய புலப்படமும் கிராம வரைபடமும் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள நில அளவை இயக்ககத்தில் கேட்டுப் பார்க்கலாம். இன்னும் பழையவை, இனாம் (வரிச் சலுகையோடு கொடுத்த மானிய நிலம்) பதிவேடு போன்றவை, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஊர் ஒருகாலத்தில் ஜமீன் அல்லது இனாம் கிராமமாக இருந்திருந்தால், ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேராக வரி கட்டுகிறவருக்கான பட்டா) கொடுத்த நடவடிக்கைகள் தனியாக இருக்கும்.

ஆனால் இதையெல்லாம் தேடி அலைய வேண்டியது நீங்கள் மட்டுமல்ல. தன்னிடம் இல்லாத தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இருந்து காணாமல் போயிருந்தால், எப்போது காணாமல் போனது, யார் பொறுப்பில் இருந்தது, தேடினார்களா என்பதைச் சொல்ல வேண்டும். கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்று பார்க்க வேண்டும் என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. விதிப்படி அழித்திருந்தால் அதற்கான பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆவணம் தொலைந்தால் ஐந்து வருடம் சிறை என்று 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டத்தைப் பலர் மனுவில் மேற்கோள் காட்டுகிறார்கள். அது மத்திய அரசு, யூனியன் பிரதேச அலுவலகங்களுக்கான சட்டம். தமிழ்நாட்டுத் தாலுகாவுக்கு அதைக் காட்டினால், மனு எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று அலுவலர் புரிந்துகொள்வார், அவ்வளவுதான்.

இனி மனுவை எப்படி எழுதுவது. நீங்கள் இணைத்திருந்த மனுவில் ‘ஏன் மாற்றினீர்கள்’, ‘இது சட்டப்படி சரியா’, ‘தவறு செய்த அலுவலர் மீது என்ன நடவடிக்கை’ என்ற கேள்விகள் அதிகம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. விளக்கம் சொல்வதும் கருத்துச் சொல்வதும் அவர் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விக்கு மறுப்பு எழுத அரை நிமிடம் போதும். பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதிவறை எழுத்தரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி எழுதலாம்: ‘இன்ன கிராமம், புல எண் இன்னது: 1) யுடிஆர் ‘அ’ பதிவேட்டில் இந்தப் புல எண் உள்ள பக்கத்தின் நகல், 2) யுடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண் உள்ள பக்கத்தின் நகல், 3) பழைய, புதிய புல எண் ஒப்பீட்டுப் பட்டியலில் இது தொடர்பான பக்கம், 4) யுடிஆருக்குப் பிறகு இன்றுவரை இந்தப் புல எண்ணுக்குப் பிறப்பிக்கப்பட்ட பட்டா மாற்ற உத்தரவுகள், அவற்றின் அடிப்படையான விஏஓ, வருவாய் ஆய்வாளர், நில அளவர் அறிக்கைகள், 5) பசலி 1371 முதல் 1396 வரை இந்தப் புலத்தின் அடங்கல் பக்கங்கள். இவற்றை நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்.’ பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்குகளில் எழுதும் ஆண்டு. 1962-ன் முதல் பாதி பசலி 1371, யுடிஆர் முடிந்த 1987 ஏப்ரல் பசலி 1396. ஆண்டிலிருந்து 590 அல்லது 591 கழித்தால் பசலி வரும். ஜூலையில் பசலி ஆண்டு மாறுகிறது.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பிரிவு 2(ஜே)-யில் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் உங்கள் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பதிவேடு சிதைந்திருக்கிறது, ஜெராக்ஸ் போட முடியாது என்று சொல்வார்கள். பல சமயம் அது உண்மையும்கூட, தொட்டால் உதிர்கிற காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். பார்வையிட அனுமதி கேட்டிருந்தால் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அப்புறம், காரணம் எதுவும் எழுத வேண்டாம். பிரிவு 6(2)-படி மனுதாரர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டு, சில நாளிலேயே நீதிமன்றமே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது.

உங்களுக்கு வந்த மறுப்புக்கு, அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். தாலுகாவில் பெரும்பாலும் வட்டாட்சியர்தான் மேல்முறையீட்டு அலுவலர். பதில் கடிதத்திலேயே யார் என்று இருக்க வேண்டும். அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே பிரிவு 18-ன் கீழ் புகார் என்று மட்டும் போடாதீர்கள். அந்தப் பிரிவில் அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடு என்று ஆணையிட முடியாது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பிரிவு 19(3) என்று தெளிவாக எழுதுங்கள். ஆணையத்தில் காலம் பிடிக்கும். ஒரு நாளைக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது அபூர்வமாகத்தான் விதிக்கப்படுகிறது என்றாலும், ஆணையத்திலிருந்து விசாரணை நோட்டீஸ் வந்த பிறகு காணாமல் போன பதிவேடு கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மேல்முறையீடு போகிற பாதையில் போகட்டும், மேலே சொன்ன மாதிரி புதிய மனு ஒன்றையும் சேர்த்தே போடுங்கள். அதற்குத் தடை இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது வரி வசூலுக்கான பதிவு, அதனால் மட்டும் நிலத்தில் உரிமை வந்துவிடாது, இல்லாததால் மட்டும் போய்விடவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இது உங்களுக்கு நல்ல செய்தி. பட்டா போனதால் மட்டும் நிலம் போய்விடவில்லை. அதே காரணத்தால் பட்டாவை மாற்றிக்கொண்டால் மட்டும் நிலம் வந்துவிடாது. யுடிஆர் பிழை என்று பதிவேடு காட்டினால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு கொடுக்கலாம். பின்னால் வந்த பட்டா மாற்ற உத்தரவு என்றால் 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. எதிர்த்தரப்பும் ஒரு பத்திரத்தை நீட்டி உரிமை கொண்டாடினால் வருவாய் அலுவலர்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், அது சரியும்கூட.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆவணங்கள் உங்களுக்கு எதிராகவும் வரலாம். தாத்தாவே விற்றிருக்கலாம், சித்தப்பா பெரியப்பா யாராவது பாகப்பிரிவினைக்கு முன்பே மொத்தத்தையும் எழுதிக் கொடுத்திருக்கலாம், வங்கிக் கடனில் ஏலம் போயிருக்கலாம். வில்லங்கத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். இன்னொரு முக்கியமான கேள்வி, இப்போது நிலத்தில் இருப்பது யார்? வேறொருவர் வெளிப்படையாக, உங்களுக்கு எதிரான உரிமையோடு 12 வருடத்துக்கு மேல் அனுபவித்துவந்தால் எதிரிடை அனுபவ உரிமை கோருவார். நிலம் தன்னுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் (உரிமை விளம்பல்) வழக்குக்கு மூன்று வருடக் காலவரையறை இருக்கிறது. அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். ஆர்டிஐ நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் காலவரையறை நிற்காது. ஆணையத்தின் தீர்ப்பு வரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வழக்கறிஞரிடம் போகிறவர்களைப் பார்க்கும்போது மனது பதறும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், நில ஆவணம் எல்லாவற்றையும் இப்படித் திறந்தால் நிலத் தரகர்களுக்குத்தான் லாபம் என்று எழுதியிருந்தார். அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. கர்நாடகத்தில் ‘பூமி’ வந்த பிறகு, பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்கே அது கூடுதல் வசதியாக அமைந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பணமும் ஆளும் உள்ளவன் எந்தப் பதிவேட்டில் ஓட்டை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பான், உண்மைதான். ஆனால் மூடி வைத்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அலுவலகத்தில் அவனுக்கு ஆள் இருக்கிறது. தெரியாமல் போவது உங்களுக்கும், தாலுகா அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிற கிழவிக்கும்தான். அதனால் என் நிலை மாறவில்லை: மாற்றப் பதிவேடும் உத்தரவும் இன்றைய பட்டாவைப் போலவே இணையத்தில் இருக்க வேண்டும், பெயர் நீக்கப்படுகிறவருக்கு முன்கூட்டியே செய்தி போக வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். மறுப்புக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாமல் தேதி முத்திரையோடு எடுத்து வையுங்கள், 30 நாள் கணக்கு அதிலிருந்துதான். 1962-லிருந்து இன்றுவரை வில்லங்கத்துக்கும் கிரயப் பத்திர நகலுக்கும் சார்பதிவகத்தில் மனு கொடுங்கள். ஊரில் அந்த நிலத்தில் இப்போது யார் பயிர் செய்கிறார்கள், எத்தனை காலமாக என்று பக்கத்துப் புலக்காரர் ஒருவரிடம் சண்டை இல்லாமல் விசாரியுங்கள். வில்லங்கம் வந்ததும் அதில் பதிவான ஆவண எண்களை இங்கே போட்டால் (பெயர்கள் வேண்டாம்), அடுத்து எந்தப் பதிவேட்டைத் தேடுவது என்று சொல்கிறேன்.